பன்னாடையும் மடற்பனையும்

மொன்றியல் நகரின் பார்க் எக்ஸ்டென்ஷனில் பனைமரம் கிடையாது. ஜனவரி மாதத்தில் உறைநிலைக்கு 20 பாகை கீழே இறங்கிவிடும் ஊரில் அது முளைக்கவும் முளைக்காது. ஆனால் பனையிலிருந்து உரித்தெடுத்த ஒரு சொல் அங்கே வாடாமல் இருக்கிறது. ஜோன் டலோன் தெருவை ஒட்டி யாழ்ப்பாணத்தார் வாழும் மாடி வீடுகளில், சனிக்கிழமை காலையில் கொப்பியைத் திறக்காமல் கைபேசியைத் தடவிக்கொண்டிருக்கும் பிள்ளையின் தலையில் அது வந்து விழும்: "பன்னாடை!"

அது வசவு என்பது பிள்ளைக்குத் தெரியும். அதற்குக் குரலின் ஏற்றமே போதும். பொருள்தான் தெரியாது. வீட்டில் புழங்கும் மற்ற வசவுகளுக்கு ஓரளவு உருவம் உண்டு. "எருமை" என்றால் படத்தில் பார்த்த விலங்கு. "மண்டைக்குள்ள களிமண்ணே?" என்றால் பாலர் வகுப்பில் பிசைந்து விளையாடிய மண். "மொக்கு", "மோடன்" ஆகியவற்றைக்கூட ஊகித்துவிடலாம். பன்னாடைக்கு மட்டும் கனடாவில் கைகாட்ட ஒன்றும் இல்லை. அது என்னவென்று கேட்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "உதைத் தெரிஞ்சு என்ன செய்யப்போறாய்? முதல்ல புத்தகத்தை எடு" என்பதுதான்.

கேள்வி என்னவோ நல்ல கேள்வி. அதற்கு விடை தேடப் போனால் 800 ஆண்டுகள் பின்னோக்கி நடக்க வேண்டியிருக்கும்.

பனையிலும் தென்னையிலும் மட்டையின் அடிப்பக்கத்தைப் பார்த்தால், மரத்தைச் சுற்றி வலைபோலப் பின்னிக் கிடக்கும் பழுப்பு நிற நார்ப்படலம் ஒன்று தெரியும். தறியும் நெசவாளரும் இல்லாமல் மரம் தானே நெய்துகொண்ட துணி அது. அதுதான் பன்னாடை. காய்ந்தது அடுப்புப் பற்றவைக்க உதவும். பச்சையாக எடுத்தது வடிகட்டி. முட்டியில் இறக்கிய கள்ளைப் பன்னாடையில் ஊற்றினால் ஈயும் எறும்பும் பாளைத் துரும்பும் மேலே தங்க, கள் கீழே இறங்கும். உருக்கிய நெய்யை வடிக்கவும் இதே பன்னாடைதான்.

வடிப்பவருக்கு இதைவிட நல்ல கருவி வேண்டியதில்லை. ஆனால் பன்னாடையின் பக்கம் நின்று பார்த்தால் கணக்கு தலைகீழாகிவிடும். ஒரு குடம் நெய் அதன் வழியே போயிருக்கிறது. ஒரு சொட்டும் தங்கவில்லை. தங்கியதெல்லாம் கசடு. ஆசிரியர் நாள் முழுக்கச் சொன்னதில் சாரத்தை விட்டுவிட்டு, அவர் இடையில் தும்மியதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும் மாணவனைப் பார்த்த யாரோ ஒருவருக்கு இந்த வடிகட்டி ஞாபகம் வந்திருக்கிறது.

அந்த ஒப்புமையை ஏட்டில் ஏற்றிவைத்தவர் பவணந்தி முனிவர். 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் என்னும் சிற்றரசன் கேட்டுக்கொண்டதால் அந்தச் சமணத் துறவி 'நன்னூல்' என்ற இலக்கணத்தை எழுதினார். எழுத்தையும் சொல்லையும் பேசுவதற்கு முன் பாயிரப் பகுதியில் வேறொன்றைப் பேசுகிறார்: யார் பாடம் சொல்லலாம், யார் கேட்கலாம், எப்படிச் சொல்ல வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும்.

மாணவரை அவர் மூன்று தட்டாகப் பிரிக்கிறார். தலைமாணவருக்கு உவமை அன்னமும் பசுவும். அன்னம் நீரை விலக்கிப் பாலைக் கொள்ளும். பசு புல் கண்ட இடத்தில் வயிறார மேய்ந்து, பிறகு ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடும். இடைமாணவருக்கு மண்ணும் கிளியும். உழவன் எவ்வளவு பாடுபட்டானோ அவ்வளவுக்கு மண் விளையும். சொல்லிக்கொடுத்ததைக் கிளி அப்படியே ஒப்பிக்கும். கடைமாணவர் நால்வகை. கேட்டதையெல்லாம் ஒழுகவிடும் இல்லிக்குடம், அதாவது ஓட்டைப் பானை, ஒரு செடியிலும் நிலைக்காமல் அங்கொரு கடி இங்கொரு கடி என்று திரியும் ஆடு, குளத்தைக் கலக்கிவிட்டுக் கலங்கல் நீரைக் குடிக்கும் எருமை, கடைசியாக நெய்யரி. நெய்யை அரிக்கும் அந்தப் பொருளுக்கு வழக்கிலுள்ள பெயர்தான் பன்னாடை.

இன்றைய வசவுகளோடு இந்தப் பட்டியலை ஒட்டிவைத்தால் ஒரு வேடிக்கை தெரியும். எருமையும் பன்னாடையும் கடைத்தட்டில் இருந்தபடியே தெருவுக்கு வந்துவிட்டன. ஆனால் மண் நடுத்தட்டில் இருந்தது. "தலையில் களிமண்" என்று இன்று திட்டுகிறவர், நன்னூல் கணக்குப்படி, பிள்ளையை ஓரளவு பாராட்டுகிறார். போதாக்குறைக்கு, விளையாததன் பொறுப்பில் பாதியை உழவர் தலையில், அதாவது தன் தலையிலேயே வைத்துக்கொள்கிறார். பாடத்தை ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கும் பிள்ளைக்கு நாம் முதல் பரிசு கொடுக்கிறோம். பவணந்தி அந்தப் பிள்ளையையும் மண்ணுக்குப் பக்கத்தில்தான் உட்கார வைத்தார்.

நெய்யரி உவமை பவணந்தியின் மூளையில் மட்டும் உதித்ததாகவும் சொல்ல முடியாது. திருக்குறளில் 'பேதைமை' என்று ஓர் அதிகாரம் உண்டு. பேதைமை என்றால் என்ன என்ற கேள்வியோடு அது தொடங்குகிறது. கேடு தருவதைப் பிடித்துக்கொண்டு, ஆக்கம் தருவதைக் கைநழுவ விடுவது என்பது வள்ளுவர் தரும் விளக்கம். பன்னாடை என்ற சொல் அங்கே இல்லை. ஆனால் பன்னாடை செய்கிற வேலை அதுதான்.

யாழ்ப்பாணத்தில் நன்னூல் ஊறிப்போனதற்கு ஒரு காரணம் நல்லூர் ஆறுமுக நாவலர். 1822 முதல் 1879 வரை வாழ்ந்த அவர், 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியவர்; பாலபாடங்கள் எழுதியவர்; நன்னூலுக்குக் காண்டிகையுரை கண்டவர். அந்த மரபில் வந்த பண்டிதர்களிடம் படித்த தலைமுறைகளுக்கு அன்னமும் ஆவும் மண்ணும் கிளியும் மனப்பாடம். பாடத்தை மறந்தவர்களும் பட்டியலின் வாலை மறக்கவில்லை.

மறந்துபோனது பட்டியலின் மறுபாதி.

கடைமாணவர் நால்வரைச் சொன்ன பவணந்தி, ஆசிரியர் ஆகத் தகாதவர்களுக்கும் நான்கு உவமை வைத்திருக்கிறார். முதலாவது கழற்குடம். கழற்சிக்காய்களை ஒவ்வொன்றாக ஒரு குடத்தில் போட்டுவிட்டுக் கவிழ்த்தால், போட்ட வரிசையில் அவை விழாது. படித்த ஒழுங்கில் பாடம் சொல்லத் தெரியாதவர் அப்படி. இரண்டாவது பருத்திக் குண்டிகை. குறுகிய வாய்க் குடுவையில் பஞ்சைத் திணிப்பதும் கடினம், பிடுங்குவதும் கடினம். அவர் படித்ததும் சிரமப்பட்டு, சொல்லிக்கொடுப்பதும் சிரமப்பட்டு. மூன்றாவது முடத்தெங்கு. வேலிப்பக்கம் வளைந்த தென்னை, தண்ணீர் ஊற்றிய வீட்டை விட்டு அடுத்த வளவில் காய் போடும். ஒருவரிடம் பணிவிடை வாங்கிக்கொண்டு இன்னொருவருக்குப் பாடம் சொல்பவர் இவர். நான்காவது மடற்பனை. கருக்கு மட்டைகள் அடர்ந்த பனையில் யாரும் ஏற முடியாது; தானாக விழும் பழத்தைப் பொறுக்கினால் உண்டு. நெருங்கவிடாத ஆசிரியர்.

இங்கே ஒரு வழக்குத்தொடரை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பிள்ளை படிப்பில் பின்தங்கினால் யாழ்ப்பாணத்தார் சொல்வது, "உவனுக்குப் படிப்பு ஏறேல்லை." தமிழ்நாட்டிலும் "படிப்பு ஏறல" என்பார்கள். படிப்பு ஏறவில்லை என்றால் தவறு பிள்ளையின் மண்டையில் என்று முடிவு கட்டியாயிற்று. பவணந்தியோ ஏறுவதற்கு இடம்விடாத பனையையும் அதே பகுதியில் நிறுத்தி வைத்திருக்கிறார். பன்னாடையும் கருக்கு மட்டையும் ஒரே மரத்தில்தான் இருக்கின்றன. ஒன்று வசவாகி அட்லாண்டிக்கைக் கடந்தது. மற்றது ஏட்டோடு நின்றுவிட்டது. எந்த வகுப்பிலும் எந்த மாணவரும் ஆசிரியரை "மடற்பனை" என்று திட்டியதாகக் கேள்வி இல்லை. திட்டும் உரிமை எந்தப் பக்கம் இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

அதற்காகப் பவணந்தியை இன்றைய கல்விச் சீர்திருத்தவாதியாக்கிவிடவும் முடியாது. யாருக்குப் பாடம் சொல்லவே கூடாது என்று அவர் இன்னொரு பட்டியலும் தருகிறார். குடியர், சோம்பேறி, கள்வர், வம்புக்காரர், கோபக்காரர், தூங்குமூஞ்சி ஆகியோரோடு பிணியாளரும் ஏழையும் மந்தனும் அதில் உண்டு. நோயாளி என்ன பாவம் செய்தார் என்று கேட்கத் தோன்றும். 'ஏழை' என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் அறியாமை உடையவர் என்றும் பொருள். இன்று அது வறியவரை மட்டும் குறிக்கிறது. எந்தப் பொருளில் எடுத்தாலும் இன்றைய வாசகருக்கு உறுத்தும். காசில்லாதவருக்கும் அறிவில்லாதவருக்கும் ஒரே சொல் போதும் என்று ஒரு காலம் நினைத்திருக்கிறது.

மந்தன் என்ற சொல்லில் இன்னொரு கதை இருக்கிறது. 'மந்தம்' வடமொழியிலிருந்து வந்தது. மெதுவானது என்று பொருள். சனிக்கிரகத்துக்கும் மந்தன் என்ற பெயர் உண்டு. கண்ணுக்குத் தெரியும் கோள்களில் மிக மெதுவாக நகர்வது அதுதான். சூரியனை ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 29½ ஆண்டு எடுத்துக்கொள்கிறது. சனிக்கிழமைக்கு மந்தவாரம் என்று பழைய பெயர். புலம்பெயர்ந்த நாடுகளில் தமிழ் வகுப்பு பெரும்பாலும் வார இறுதியில்தான் நடக்கிறது. வாரம் முழுக்கப் பிரெஞ்சில் கெட்டிக்காரியாக இருந்த பிள்ளை, மந்தவாரத்தில் தமிழ்ப் பலகைக்கு முன் வந்து மந்தமாகி நிற்கிறாள்.

மற்ற வசவுகளுக்கும் ஆளாளுக்கு ஒரு பிறப்புக் கதை சொல்கிறார்கள். தேரோட்டத்தில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடும் ஆள் முட்டாள். வெள்ளக் காலத்தில் ஏரியின் மடையைத் திறக்க உயிரைப் பணயம் வைத்து முங்கியவர் மடையர். இப்படி உழைத்தவர்களின் பெயரை நாம் வசவாக்கிவிட்டோம் என்று அந்தக் கதைகள் முடியும். கேட்க உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழில் 'மடம்', 'மடமை' என்று அறியாமையைக் குறிக்கும் சொற்கள் பழங்காலம் தொட்டே உள்ளன. மடையனுக்கு வேர் தேடி ஏரிக்குள் முங்க வேண்டிய அவசியம் இல்லை. முட்டாளுக்கு மிக நெருங்கிய சொல் கன்னடத்திலும் அதே பொருளில் வழங்குகிறது. தேர் முட்டுக்கட்டைக் கதையை அங்கேயும் இழுத்துக்கொண்டு போவது கடினம். மூடன் வடமொழி 'மூட'விலிருந்து வந்தவன். சிங்களத்தில் 'மோடயா' என்பதும் அந்த வழியில் வந்ததே. யாழ்ப்பாணத்து மோடன் இந்தச் சொந்தபந்தங்களுக்கு அருகில் நிற்கிறான். இலங்கையில் மற்ற எத்தனையோ விஷயங்களில் உடன்படாத இரு மொழிகள், முட்டாளை அழைப்பதில் ஏறக்குறைய ஒரே குரலில் பேசுகின்றன.

பார்க் எக்ஸ்டென்ஷன் பிள்ளைக்கு இவை போதாதென்று பள்ளிக்கூடத்திலிருந்தும் சொற்கள் வந்து சேரும். பிரெஞ்சில் படிக்காத மாணவருக்குப் பெயர் 'கான்க்ர்'. லத்தீன் மொழியில் நண்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. முன்னே போகாமல் பக்கவாட்டில் நகரும் பிராணி. ஆனால் நண்டு நேரே வகுப்பறைக்குள் வந்துவிடவில்லை. 17-ஆம் நூற்றாண்டில் லா ஃபொந்தேன் தன் நீதிக்கதையில் இச்சொல்லைக் கையாண்டபோது அது கதியற்ற வறியவரைக் குறித்தது. பிற்காலத்தில்தான் கடைசி பெஞ்சுக்காரருக்கு ஒட்டிக்கொண்டது. வறியவரிலிருந்து அறிவிலிக்கு அது நடந்த வழி, நம் 'ஏழை' நடந்த அதே வழி, திசைதான் எதிர்.

இந்தப் பட்டத்தைச் சுமந்தே பெயர்பெற்றவரும் உண்டு. பிரெஞ்சு நாவலாசிரியர் தானியேல் பெனாக், முதல் எழுத்தைப் படிக்கவே தனக்கு ஓராண்டு ஆனது என்று எழுதியவர். பிற்காலத்தில் அவரே பள்ளி ஆசிரியரானார். தன் கான்க்ர் வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதிய நூல் 2007-இல் ரெனோடோ பரிசு பெற்றது.

ஆங்கிலத்து 'டன்ஸ்' இன்னும் விசித்திரம். அது ஒரு மனிதரின் பெயர். ஜோன் டன்ஸ் ஸ்கோட்டஸ், ஸ்கொட்லாந்தின் டன்ஸ் என்ற ஊரைச் சேர்ந்த துறவி. இடைக்கால ஐரோப்பாவின் மிகக் கூர்மையான தத்துவ ஆசிரியர்களில் ஒருவர். நுண்மதி ஆசான் என்பது அவருக்கு வழங்கிய பட்டம். 1308-இல் ஜெர்மனியின் கோல்ன் நகரில் இறந்தார். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு கிரேக்கத்தையும் இலக்கியத்தையும் முன்னிறுத்திய புதிய கல்வியாளர்கள் வந்தபோது, ஸ்கோட்டஸின் வழிவந்தவர்கள் அதை எதிர்த்து முரண்டுபிடித்தார்கள். "புதிதாக எதையும் கற்க மாட்டாத டன்ஸ் கூட்டம்" என்று எதிரணி கேலி செய்தது. கேலி ஒட்டிக்கொண்டது. நுண்மதி ஆசானின் பெயர், கூம்புத் தொப்பி போட்டு வகுப்பு மூலையில் நிற்கவைக்கப்படும் மண்டுவின் பெயராயிற்று. 1993-இல் திருத்தந்தை இரண்டாம் ஜோன் போல் அவருக்கு அருளாளர் நிலை அளித்தார். அகராதியில் அவர் இன்னும் மூலையில்தான் நிற்கிறார்.

இவ்வளவு காலமும் இவை வசவுகள் மட்டுமே. கற்க முடியாதவர் என்பது ஓர் அலுவலக முத்திரையாக மாறியது, பள்ளி எல்லாருக்கும் கட்டாயமான பிறகு. அதற்கு முன் படிப்பு ஏறாத பிள்ளை வயலுக்கோ பட்டறைக்கோ போய்விடும். அதற்குப் பெயர் வைக்க யாருக்கும் தேவைப்படவில்லை. பிரான்சில் 1882-இல் தொடக்கக் கல்வி கட்டாயமாயிற்று. வகுப்புகள் நிரம்பின, பின்தங்கியவர்களும் கண்ணில் பட்டார்கள். 1904-இல் அரசு ஒரு குழு அமைத்தது. அதன் தொடர்ச்சியாக ஆல்ஃப்ரெட் பினே, தியோடோர் சிமோனோடு சேர்ந்து 1905-இல் ஒரு தேர்வை உருவாக்கினார். பின்னாளைய ஐ.கியூ. தேர்வுகளுக்கு அதுவே தாய். எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி தேவை என்று கண்டுபிடிப்பதுதான் பினேயின் நோக்கம். அறிவு பிறவியிலேயே அளந்து வைக்கப்பட்டது, கூட்ட முடியாது என்று சொன்னவர்களை 1909-இல் அவர் கடுமையாக மறுத்தார். 1911-இல் இறந்துபோனார்.

தேர்வு அட்லாண்டிக்கைக் கடந்ததும் நோக்கம் மாறிவிட்டது. அமெரிக்க உளவியலாளர் ஹென்றி கொடார்ட் அதை மொழிபெயர்த்தார். 1910-இல் கிரேக்கச் சொல் ஒன்றிலிருந்து 'மோரான்' என்ற புதுச் சொல்லை ஆக்கினார். மழுங்கியவர், மூடர் என்று பொருள். விஞ்ஞானமாகப் பிறந்து, சில ஆண்டுகளிலேயே வசவாகிவிட்ட சொல் அது. நியூயோர்க்கின் எல்லிஸ் தீவில் வந்திறங்கிய குடியேறிகளிடம் அவருடைய குழு அந்தத் தேர்வை வைத்தது. கப்பலின் அடித்தட்டில் வாரக்கணக்கில் பயணம் செய்து களைத்து வந்தவர்கள். சிலர் வாழ்நாளில் பென்சில் பிடித்திராதவர்கள். கேள்விகளை மொழிபெயர்ப்பாளர் வழியே கேட்டவர்கள். 1917-இல் வெளியான முடிவின்படி, தேர்வு எழுதிய யூதர்களில் 83 விழுக்காடு, ஹங்கேரியரில் 80 விழுக்காடு, இத்தாலியரில் 79 விழுக்காடு, ரஷ்யரில் 87 விழுக்காட்டினர் மூளை வளர்ச்சி குன்றியவர்கள். பத்தில் எட்டுப் பேர் பன்னாடை என்று ஒரு வடிகட்டி தீர்ப்பளித்தால், வடிகட்டியைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். கொடார்டுக்கு அது தோன்றப் பத்தாண்டு ஆயிற்று. 1928-இல் தன் பழைய முடிவுகள் பலவற்றைக் கைவிட்டார்.

குடியேறிகளின் கதை என்பதால் பார்க் எக்ஸ்டென்ஷனுக்குத் திரும்ப வேண்டும். சுமார் ஒன்றரைச் சதுர கிலோமீட்டர் பரப்பு. கிழக்கே ரயில் பாதையும் அதற்கப்பால் ஜாரி பூங்காவும். மேற்கே அக்காடி சாலையும், அதை ஒட்டி மவுண்ட் ரோயல் என்ற பணக்கார நகரசபை 1960-இல் எழுப்பிய வேலியும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கிரேக்கர்கள் வந்து நிறைந்த இடம். அவர்கள் மெல்ல வேறிடம் நகர, பஞ்சாபியரும் வங்காளிகளும் தமிழரும் வந்தார்கள். இலங்கையில் 1983 ஜூலை இனவன்முறைக்குப் பிறகு ஈழத்தமிழர் வருகை பெருகியது. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழரை மீனவர்கள் கரைசேர்த்தார்கள். அவர்களிலும் பலர் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் போய்ச் சேர்ந்தார்கள்.

வந்தவர்களில் பலருடைய கையில் ஆங்கிலம் இருந்தது. 1823-இலேயே வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் உயர்கல்விக்கூடம் கண்ட யாழ்ப்பாணம், ஆங்கிலத்தைப் பிழைப்புக்கான முதலாகப் பார்த்துப் பழகிய ஊர். ஆனால் மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் 1977-இல் வந்த 101-ஆம் சட்டம், குடியேறியோரின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்று விதித்திருந்தது. ஆங்கிலேயர் நடத்திய ஆலைகளில் பிரெஞ்சு பேசியதற்காகவே மட்டம் தட்டப்பட்ட ஒரு சமூகம், தன் மொழிக்குப் போட்ட வேலி அது. முதலில் 'கிளாஸ் தக்கேய்' எனப்படும் வரவேற்பு வகுப்பு. பிரெஞ்சு பிடிபட்ட பிறகு வழக்கமான வகுப்பு.

வரவேற்பு வகுப்பில் முதல் மாதங்களில் பிள்ளை பேசாமல் இருக்கும். ஊரில் கணக்கில் முதலாவதாக வந்திருக்கலாம். இங்கே கேள்வியே புரியவில்லை. புதுமொழிக்குள் விழுந்த பிள்ளைகள் சில மாதம் வாய்திறக்காமல் கேட்டுக்கொண்டே இருப்பது உலகெங்கும் ஆசிரியர்கள் கண்ட விஷயம். தெரியாத கண்ணுக்கு அந்த மௌனமும் மந்தமும் ஒன்றுபோலத் தெரியும். எல்லிஸ் தீவில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான்.

அதே பிள்ளை தமிழ் வகுப்புக்கு வந்தால் தவறு வேறு விதமாக நடக்கும். 1970-களின் பிற்பகுதியில் கியூபெக் அரசு, குடியேறியோரின் தாய்மொழிகளைப் பள்ளிகளில் கற்பிக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. தமிழும் பின்னர் அதில் சேர்ந்தது. எந்தத் தமிழ் என்ற கேள்வி உடனே எழுந்தது. மொன்றியல் தமிழரிடையே ஆய்வு செய்த மானிடவியலாளர் சோனியா தாஸ் 2016-இல் வெளியிட்ட 'லிங்குயிஸ்டிக் ரைவல்ரீஸ்' என்ற நூல் இதை விரிவாகப் பேசுகிறது. ஈழத்தமிழர் எழுத்துத் தமிழின் காவலர்களாகவும், இந்தியத் தமிழர் பேச்சுத் தமிழின் ஆட்களாகவும் அங்கே பிரித்துப் பார்க்கப்பட்டார்கள். பிள்ளையின் நிலைமை இரண்டுக்கும் நடுவே. "நான் போகேல்லை" என்று வீட்டில் பேசியதை அப்படியே எழுதினால் சிவப்பு மை. "நான் போகவில்லை" என்று வீட்டில் பேசினால் சிரிப்பு. இரண்டு தமிழும் பிரெஞ்சும் தெருவின் ஆங்கிலமும் தெரிந்த ஒருத்திக்கு, தமிழ் எழுத்து ஒன்று பிசகியதால் மொக்கு என்று பெயர் கிடைக்கிறது.

பெற்றோருக்கும் இந்தக் கதை நேர்ந்தது. ஊரில் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தவர், பகலில் உணவகத்தில் வேலை செய்துவிட்டு மாலையில் அரசின் இலவசப் பிரெஞ்சு வகுப்பில் போய் உட்காருகிறார். பெயர்ச்சொல்லுக்கெல்லாம் ஆண்பால், பெண்பால் உண்டு என்கிறார்கள். மேசை பெண்பாலாம், புத்தகம் ஆண்பாலாம். ஏன் என்று கேட்டால் காரணம் இல்லை. உயர்திணையையும் அஃறிணையையும் பிரித்துப் பழகிய மூளைக்கு இது ஏறுவதில்லை. தெருவைக் குறிக்கும் 'ரூ' என்ற பிரெஞ்சுச் சொல்லில் உள்ள உயிரொலி தமிழில் இல்லை. நம் 'ரூ'வை அப்படியே சொன்னால் அது சக்கரமாகிவிடும். வீட்டுமுகவரி சொல்லும் ஒவ்வொரு முறையும் தெரு, சக்கரமாக உருண்டு போகிறது.

நன்னூலில் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒருமுறைக்கு இருமுறை கேட்டால் பிழை குறையும். மூன்று முறை கேட்டால் முறையறிந்து எடுத்துச் சொல்லும் திறமை வரும். ஆசிரியர் சொன்னதை முழுக்க உள்வாங்கிக்கொண்டாலும் கிடைப்பது கால் பங்குதான். கூடப் படிப்பவர்களோடு பேசிப் பழகினால் இன்னொரு கால். மிச்சமுள்ள அரைப்பங்கு, படித்ததைப் பிறருக்குச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் வந்து சேரும்.

பார்க் எக்ஸ்டென்ஷனில் அந்த அரைப்பங்கு பிள்ளைகளுக்குத் தானாகவே கிடைத்தது. மருத்துவமனையில் அம்மாவின் தலைசுற்றலைப் பிரெஞ்சில் சொன்னதும், வீட்டுக்காரர் அனுப்பிய வாடகைக் கடிதத்தைத் தமிழில் படித்துக் காட்டியதும் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். வரி அலுவலகத்தின் கடிதத்துக்கு வீட்டுத் தமிழில் சொல் இருக்காது. இருக்கும் சொற்களைக் கோத்து ஒன்றை உண்டாக்க வேண்டும். பிரெஞ்சில் ஒன்று, தமிழில் ஒன்று என்று இரண்டு முறை யோசித்த பிறகுதான் வாயைத் திறக்க முடியும்.

இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு, சமையலறை மேசையில் அப்பாவின் பிரெஞ்சுக் கொப்பி விரியும். காலையில் பன்னாடை என்று திட்டு வாங்கியவள் எதிரே உட்கார்ந்து உதட்டைக் குவித்துக் காட்டுகிறாள். "'ஊ' எண்டு வாயை வச்சுக்கொண்டு 'ஈ' சொல்லுங்கோ அப்பா." அவர் சொல்கிறார். சக்கரம். "இல்லை, தெரு." மறுபடியும் சக்கரம். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மூன்றாம் முறை சொல்லிக் காட்டுகிறாள்.